கொக்கி கழன்ற கதை

போன மாசம் ஒருநாள், பேங்க் தரையில் குப்புறப் படுத்தேன். யோகாசனம் இல்லை ஸார், உயிர்ப் பயம்!

இடம், பெரிய காஞ்சிபுரம். நகை அடகு ரசீதோடு க்யூவில் நின்றிருந்தேன். வாசல் காவல்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர், எங்கள் தெருக்காரர். என்னைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அவ்வளவுதான்... தோளில் தொங்கிய ரைஃபிள் 'டமார்' என்று தரையில்! கேஷியர் மேஜைக்கு அடியில். நான் தரையில். பின்னால் நின்ற பாட்டி மட்டும் அசையாமல், "இன்னாப்பா விழுந்திச்சு, சில்லறையா?" என்றாள்.

"பயப்படாதீங்க ஸார், உள்ளே தோட்டா இல்லை. எல்லாம் இடுப்பு பெல்ட்லதான் இருக்கு" என்றார் ஹவில்தார். ஆனால் அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. விழுந்த அதிர்ச்சியிலேயே வெடித்த துப்பாக்கிகள் உண்டே!

வார் அறுந்து விட்டதா? இல்லை. அது அவர் தோளிலேயே சமர்த்தாக இருந்தது. கழன்றது கொக்கி.

சாயங்காலம் திண்ணையில் அந்தக் கொக்கியைக் காட்டினார். அவருடையது லைசென்ஸ் வாங்கிய சொந்தத் துப்பாக்கி. மேற்கு வங்காளத்து இஷாப்பூர் அரசு ஆலையில் செய்த .315 வேட்டை ரைஃபிள். அதில் ஸ்க்ரூ வைத்து முடுக்கியிருந்த பழைய வளையத்தை எடுத்துவிட்டு, சட்டென்று மாட்டிக் கழற்றும் வெளிநாட்டுக் கொக்கியைப் போட்டிருக்கிறார்.

இது வேட்டைக்காரர்களுக்காக வந்த சௌகரியம். காட்டில் மைல் கணக்கில் நடக்க வார் வேண்டும். பரணில் ஏறி உட்கார்ந்தபின், அதே வார் கிளையில் மாட்டித் தொலைக்கும். அதனால் ஒரு அமுக்கு, கழற்று! கென்னத் ஆண்டர்சனின் புலிக்கதைகளோடு நமக்கு வேட்டை முடிந்து விட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் கதவடைத்தது. கொக்கி மட்டும் பேங்க் வாசல் வரை வந்து விட்டது.

விஷயம் சின்னதுதான். துப்பாக்கிக் கட்டையில் ஒரு திருகாணி, அதன் தலையில் ஓட்டை. கொக்கியில் ஸ்பிரிங் வைத்த மெல்லிய ஊசி ஒன்று அந்த ஓட்டைக்குள் குறுக்கே போய் உட்கார வேண்டும். ஸ்பிரிங் துருப்பிடித்தாலோ, ஓட்டையில் அழுக்கு அடைத்தாலோ ஊசி பாதியிலேயே நின்று விடும். பார்த்தால் மாட்டின மாதிரியே இருக்கும்! சில சமயம் ஊசி சரியாக இருக்கும், எண்ணெய் ஊறின மரத்தில் திருகாணியே ஆடும்.

பக்கத்துத் திண்ணையில் பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்த நெசவாளர் சிரித்தார். "எங்க புடவையிலும் இதே கதைதான் ஸார். உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர். ரெண்டையும் கோர்வை போட்டுப் பிணைக்கணும். அதுக்குத்தான் தறியில ரெண்டு ஆள். பட்டு எவ்வளவு ஒசத்தியா இருந்தா என்ன? சேர்ற இடம் விட்டுச்சுன்னா மொத்தமும் போச்சு!"

ஹவில்தார் தலையாட்டினார். "அதான் ஸார், பட்டாளத்து .303ல வளையத்தை ஸ்க்ரூ போட்டே முடுக்கியிருப்பாங்க. கழட்ட நேரமாகும், ஆனா தானா கழலாது." மாட்டிக் கழற்றும் வகையிலும் நல்லது உண்டாம். ஊசி நகராமல் திருகிப் பூட்டுகிற ரகம் ஒன்று. பட்டனை அமுக்கினால் உள்ளே போய், விட்டதும் குண்டுமணி போல் எஃகு உருண்டைகள் வெளியே வந்து கவ்விக்கொள்ளும் ரகம் இன்னொன்று. எதுவானாலும் தோளில் மாட்டுமுன் தோட்டாவை எடுத்துவிட்டு, வாரைப் பலமாக நாலு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். 'க்ளிக்' என்று சத்தம் கேட்டதை மட்டும் நம்பக் கூடாது!

மறுநாளே பழைய வளையம் திரும்பி வந்து விட்டது. ஆனாலும் ஹவில்தார் இப்போதெல்லாம் எனக்கு சல்யூட் வைப்பதில்லை. லேசாகத் தலையை மட்டும் ஆட்டுகிறார். எனக்கும் அதுவே போதும்!