பற்றவைப்புப் பட்டறையில் தீக்காப்பும் முதலுதவியும்

சன்னல் கம்பிகளும் இரும்புக் கதவுகளும் செய்யும் சிறு பட்டறை இல்லாத ஊர் இன்று நாட்டில் அரிது. டிராக்டரின் இழுவைப் பெட்டி முதல் பள்ளிக்கூட மேசை வரை பழுதுபார்க்கப்படுவது அங்கேதான். தொழிற்பயிற்சி நிலையங்களில் முறையாகப் பயின்ற வெல்டர்கள் ஒருபுறமிருக்க, உதவியாளாகச் சேர்ந்து, பார்த்துப் பழகித் தொழில் கற்றவர்களும் இப்பட்டறைகளில் பலர் உள்ளனர். வேலை நடக்கும்போது இவர்கள் விழிப்புடனேயே இருக்கின்றனர். ஆனால் இத்தொழிலின் தீங்குகளுள் பல, சுடர் அணைந்து நெடுநேரம் கழிந்த பின்னரே வெளிப்படுகின்றன.

முதலாவது தீ. எஃகு ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியசில் உருகுகிறது. உருகும் இடத்திலிருந்து தெறிக்கும் பொறி பத்து மீட்டருக்கு அப்பாலும் சென்று விழக்கூடும். வெறுந்தரையில் விழுந்த பொறி கண்ணுக்குத் தெரியும். சாக்குக் குவியலிலோ மரத்தூளிலோ புகுந்தது தெரியாது. அது புகைந்துகொண்டிருந்து, பட்டறையைப் பூட்டிச் சென்ற பிறகு தீயாக மூளும். ஆகவே வேலை முடிந்தபின் குறைந்தது அரைமணி நேரம், இயன்றால் ஒரு மணி நேரம், ஒருவர் அங்கிருந்து கண்காணித்தல் வேண்டும். எரிந்து குறைந்த வெல்டிங் ராடுத் துண்டுகளைத் தரையில் எறியாமல் தகர டப்பாவில் இடவேண்டும். பற்றவைப்பில் தீத்தடுப்புக்கென்றே ஐ.எஸ். 3016 (1982) என்னும் இந்தியத் தர விதித்தொகுப்பு உள்ளது.

மிகவும் ஏமாற்றுவது காலிப் பீப்பாய். டீசலோ பெட்ரோலோ இருந்த கலத்தில் திரவம் தீர்ந்தாலும் ஆவி தங்கியிருக்கும். காற்றுடன் கலந்த அவ்வாவி ஒரு பொறியில் வெடிக்கும். தக்க முன்னேற்பாடின்றி அத்தகைய கலங்களைப் பற்றவைப்பதை 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 37ஆம் பிரிவில் தடைசெய்தது. ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வை எண்ணெய்க் கையால் தொடுவதும் இதற்குக் குறைந்த ஆபத்தன்று.

கண்ணின் கதையும் இதுவே. மின்வில்லின் புறஊதாக் கதிர் கருவிழியைச் சுடும்போது வலி தெரிவதில்லை. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு வில்லை வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் சில இடங்களில் வழக்கம்; இவற்றால் கிருமித் தொற்று ஏற்படலாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து உடனே இதம் தரும் என்பது மெய்யே. ஆனால் அதைத் தொடர்ந்து இட்டால் புண் ஆறாது. குளிர்ந்த ஈரத்துணியை மூடிய கண்மீது வைத்து, இருட்டறையில் இருந்து, மருத்துவரைக் காண்பதே முறை. பொதுவாக ஓரிரு நாளில் குணமாகும்.

துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வருவதுண்டு. அதை மலேரியா என மயங்குவோரும் உளர். புகை வெளியேறும் திறந்த இடத்தில், பூச்சைச் சுரண்டிய பின்னரே அவ்வேலையைச் செய்யவேண்டும்.

காலம் தாழ்த்தாத ஆபத்து மின்அதிர்ச்சி. ராடு எரியாதபோதும் ஹோல்டரில் பொதுவாக 50 முதல் 100 வோல்ட் வரை நிற்கும். வியர்த்த கைக்கு அதுவே போதும். அடிபட்டவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். மூச்சு நின்றிருந்தால், உதவிக்கு ஆளை அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமுங்குமாறு அழுத்தவேண்டும். தீப்புண்ணின்மீது இருபது நிமிடம் ஓடும் நீர் படவேண்டும். மையும் பற்பசையும் ஆகா. மின்சாரம் ஓடும் பெட்டியில் பற்றிய தீக்கு நீர் கூடாது. கரியமிலவாயு அல்லது உலர்தூள் அணைப்பானே உரியது.

அச்சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டுமென்றது. மின்விசையுடன் பத்துப் பேர் வேலை செய்யும் இடமே பொதுவாகத் தொழிற்சாலை எனப்பட்டதால், மூவர் நால்வர் உழைக்கும் பட்டறை அதன் வரம்புக்குள் வரவில்லை. அங்கே தேவைப்படுபவை மிகச் சிலவே: கிருமி நீக்கிய துணிக்கட்டு, கண் மூடும் பஞ்சு, ஒரு கம்பளி, இரண்டு வாளி மணல், கைக்கெட்டும் தண்ணீர்க் குழாய், சுவரில் பெரிய எழுத்தில் 112.