அரங்கும் அன்றாட வழக்கும்

மக்கள் ஒருவரோடொருவர் உரையாடுங்கால் சொல்லால் மட்டும் பேசுகின்றாரல்லர். நிற்கும் நிலையும், அமரும் இடமும், குரலின் ஏற்ற இறக்கமும் உடன் பேசுகின்றன. இதனை உணர்ந்தே தொல்காப்பியர் நகை முதலாய எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் ஒருங்கு வைத்துக் கூறினார். எனினும், நாடோறும் பழகிய வழக்கம் பழகியவர் கண்ணிற் படுவதில்லை. பிறரொருவர் நடித்துக் காட்டும்போதே அது புலனாகின்றது.

வடமராட்சியில் இதற்குச் சான்றாய் விளங்கியவர் புலோலியிற் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903-1968) ஆவர். 1940இல் வெளிவந்த அவரது 'நானாடகம்' என்னும் தொகுதியில், வீட்டிலும் வீதியிலும் வழங்கும் யாழ்ப்பாணப் பேச்சே பாத்திரங்களின் மொழியாயிற்று. 'உடையார் மிடுக்கு' அத்தொகுதியில் அடங்கிய நாடகங்களுள் ஒன்று.

பேச்சுமொழியை மேடையேற்றியதனால் விளைந்த பயன் யாது? யாழ்ப்பாணத்தார் முன்னிலையில் நிற்பவரை 'நீ', 'நீர்', 'நீங்கள்' என மூவகையாக விளிப்பர். 'வா', 'வாரும்', 'வாருங்கோ' என்பன அவற்றிற்கேற்ற ஏவல்கள். வயது, உறவு, பதவி, சாதி ஆகிய யாவும் இச்சிறு சொற்களில் அடங்கிக் கிடக்கின்றன. திண்ணையில் அமர்பவர் யார், முற்றத்தில் நிற்பவர் யார் என்பதும் இவ்வகையதே. பாத்திரங்கள் யாவரும் ஒரே செந்தமிழிற் பேசுவாராயின் இப்படிநிலைகள் மறைந்துவிடும். பேச்சு வழக்கிலோ அவை மறைவின்றி ஒலிக்கும். வீட்டில் இயல்பெனக் கொண்ட சொல்லையே அரங்கிற் கேட்டு நாணுதலும் கூடும். நாடகத்தின் சமூகப் பயன் ஈண்டே தொடங்குகின்றது.

கரவெட்டியிற் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி (1932-2011) இந்நெறியை நடிப்பாலும் ஆய்வாலும் வளர்த்தார். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' என்னும் வானொலி நாடகத்தில் நடித்த அவரே, பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றி ஆராய்ந்து பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

மேலைநாட்டிலும் இக்கருத்து வேரூன்றியது. சமூகவியலறிஞர் எர்விங் கொவ்மன், மனிதர் அன்றாட வாழ்வில் ஒருவர்முன் ஒருவர் நடிக்கும் பான்மையைத் தம் நூலில் விளக்கினார். 1975இல் மார்த்தா ரொஸ்லர் என்னும் கலைஞர், அடுக்களைக் கருவிகளை ஒவ்வொன்றாகப் பெயர் கூறி எடுத்துக் காட்டும் சிறு விடியோப் படைப்பொன்றை ஆக்கினார். கருவிகளை அவர் கையாளும் வேகத்திலே, பெண்ணின் அடக்கப்பட்ட சினம் வாய்திறவாமலே வெளிப்படுகின்றது.

இன்று படக்கருவி மாணவர் பலர் கையிலும் உண்டு. வாசலில் விருந்தினரை வரவேற்பதையும், கடையில் விலை பேசுவதையும் அவர்களே நடித்துப் பதிந்து, மீளப் பார்த்தல் எளிது. அவ்வாறு பார்க்குங்கால் பிறர் குறையைத் தேடுதல் நோக்கமன்று. யாரை 'நீ' என்றோம், யாரை 'நீங்கள்' என்றோம், அது ஏன் என்று தம்மையே வினவுதல்தான் பயனுடைய கல்வியாகும்.