நாள் தவறாதிருக்க ஒரு குறுஞ்செய்தி

மறதி யாவர்க்கும் பொதுவானதே. ஆயினும், பதினாறு பதினேழு வயதினரின் மறதியை வகுப்பறையில் நாள்தோறும் காணும் நாம் அதனைச் சோம்பல் என்று கடிந்து ஒதுக்குவதில்லை. நேற்றுச் சொன்ன பாடத்தை இன்று மறந்தவர்களும் பாடசாலை மணி ஒலித்ததும் எழுந்துவிடுகின்றனர். அவர்களுக்கு வேண்டியது கண்டனமன்று. உரிய வேளையில் ஒலிக்கும் ஒரு மணியே.

வைத்தியத் துறையிலும் அத்தகைய மணியொன்று ஒலிக்கின்றது. 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி, இங்கிலாந்தில் நீல் பாப்வேர்த் என்னும் இளம் பொறியியலாளர் கிறிஸ்மஸ் வாழ்த்தொன்றை அனுப்பினார். அதுவே உலகின் முதலாவது குறுஞ்செய்தி. அவ்வசதி இன்று இளம் பெண்களின் இனப்பெருக்க நலம் பேணுவதற்கும் துணைநிற்கின்றது.

இதன் தேவை யாது? கருத்தடை முறைகள் சில, காலந் தவறாமையையே ஆதாரமாகக் கொண்டவை. குளிசையாயின் நாள்தோறும் உட்கொள்ளல் வேண்டும்; ஊசியாயின் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்ளல் வேண்டும். நாள் கடந்தால் பாதுகாப்புத் தளரும். அதன் விளைவைச் சுமப்பவள் படிப்பையே முடிக்காத சிறுபெண்ணாக இருத்தல் கூடும்.

அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர், கருத்தடை ஊசி பெற்றுவந்த இளம் பெண்கள் நூறு பேரை இரு பிரிவினராக்கி ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர்க்குக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. மற்றையோர்க்கு வழமையான கவனிப்பே கிடைத்தது. 2015இல் முடிவு வெளியாயிற்று. முதற் சந்திப்புக்குக் குறுஞ்செய்தி பெற்றோர் குறித்த நாளையொட்டி வந்தனர். பின்வந்த சந்திப்புகளிலோ அவ்வேறுபாடு மங்கிவிட்டது. மணியோசையும் பழகிப் போகுமன்றோ!

நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில், குளிசை உட்கொள்ளத் தொடங்கிய 962 இளம் பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஆறு மாதங்களின் பின், நாள்தோறும் செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 64 பேரும், பெறாதோருள் 54 பேரும் குளிசையைத் தொடர்ந்தனர். ஆனால் 2010இல் வெளியான சிறியதோர் ஆய்வில், நாள்தோறும் நினைவூட்டியும் பயன் காணப்படவில்லை. செய்தி பெறாதோர் பலர் தாமாகவே வேறு நினைவூட்டும் வழிகளைக் கையாண்டிருந்ததும் அங்கு கவனிக்கத்தக்கது.

இவ்விரு முடிவுகளையும் ஒப்புநோக்குமிடத்து, ஆசிரியராகிய நமக்கு ஒன்று தோன்றுகின்றது. புரூக்ளினில் அனுப்பப்பட்டவை வெறும் நினைவூட்டல்கள் அல்ல. குளிசையைப் பற்றிய அறிவையும் ஊட்டியவை. கானா நாட்டின் அக்ரா நகரிலும் மாணவியர்க்குக் குறுஞ்செய்தி வாயிலாக வினாக்கள் விடுத்து, விடைகளைத் திருத்தி அனுப்பியபோது, அவர்தம் அறிவு வளர்ந்தமை 2017இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. “செய்” என்று சொல்வதிலும் “ஏன் செய்தல் வேண்டும்” என்று விளக்குவதே மனத்திற் பதியும் போலும்.

இங்கே கவனிக்க வேண்டிய இடர் ஒன்றுண்டு. தொலைபேசி மேசைமீது கிடக்கும். தமையனோ தோழியோ எடுத்துப் பார்த்தலும் கூடும். மருந்தின் பெயரும் நோயின் பெயரும் அதில் வெளிப்பட்டால், உதவ வந்த செய்தியே அப்பெண்ணுக்குத் துன்பமாய் முடியும். “நாளை காலை உமக்கு ஒரு சந்திப்பு உண்டு” என்னும் அளவில் அமைந்த வாசகமே தக்கது. அவளுடைய சம்மதத்தை முன்னரே பெறுதலும், எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில் அனுப்பலாம் என்று அவளையே கேட்டறிதலும் இன்றியமையாதன.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. குறுஞ்செய்தி நாளை நினைவூட்டும், அச்சத்தைப் போக்காது. உடலைப் பற்றிய ஐயம் எழும்போது, “அம்மாவிடம் கேட்டால் ஏசுவார்” என்று அஞ்சும் மகள், வைத்தியரிடம் செல்லவும் தயங்குவாள். ஏசாமல் செவிசாய்க்கும் தாய் இல்லத்தில் இருப்பாளாயின், அந்தச் சிறு செய்தி தன் பணியைச் செவ்வனே செய்யும். மணி அடித்தால் மட்டும் போதாது. வகுப்பில் ஆசிரியரும் இருத்தல் வேண்டுமல்லவா?