ஒரு மாதக் குளிசைக்கு எத்தனை நாட் கூலி?

சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல். பணியின் நிமித்தம் நான் போகும் வீடுகளில் இம்மூன்றில் ஒன்றேனும் இல்லாத வீடு குறைவு. "அரச கிளினிக்கில் மருந்து இலவசம்தானே?" என்று பலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் மருந்து கையிருப்பில் இல்லாத நாட்களில் ஒரு சிறு துண்டில் பெயரை எழுதி, "வெளியில் வாங்குங்கள்" என்று கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுச் செலவுக் கணக்கு அந்தத் துண்டோடுதான் சிக்கலாகிறது.

நான் கண்டவரையில், அக்கணக்கில் முதலில் வெட்டுப்படுவது தாயின் குளிசை. கணவரின் மருந்தும் மாமியாரின் மருந்தும் முழுதாக வாங்கப்படும். அவளோ இரண்டு நேரக் குளிசையை ஒரு நேரமாக்கிக்கொள்வாள். "எனக்கு இப்ப சுகமாத்தானே இருக்கு மிஸ்" என்பாள். இந்நோய்களின் ஆபத்தே அதுதான். ஆரம்பத்தில் வலித்துக் காட்டாது. பிரித்தானியாவில் 5,000க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளரைப் பல்லாண்டுகள் அவதானித்த ஆய்வொன்றின் முடிவுகள் 1998இல் வெளியாகின. குருதியில் சீனியையும் குருதி அமுக்கத்தையும் கட்டுப்பாட்டில் வைத்திருந்தோருக்குக் கண், சிறுநீரகப் பாதிப்புகள் குறைந்திருந்தன. அதற்குப் பயன்பட்டவற்றில் மெட்போமின் போன்ற பழைய, மலிவான மருந்துகளும் அடங்கும். அப்படியானால் அவை ஏன் ஏழைப் பெண்ணின் கைக்கு எட்டாமற் போகின்றன?

இவ்விடயத்தில் நமது நாட்டுக்குப் பெருமையான வரலாறொன்று உண்டு. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் பல விலைகளுக்கு விற்கப்பட்ட காலம் அது. எது உண்மையில் தேவை என ஆராய்ந்து பட்டியலைச் சுருக்கி, மருந்தின் பொதுப்பெயரில், மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கினார்கள். விலை இறங்கியது. உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 1977இல்தான் வெளியிட்டது. பிபிலே காலமானதும் அதே ஆண்டில்.

பின்னர் 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேறியது. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் பாமசித் தட்டு வெறுமையாக இருந்தால் உச்ச விலையால் யாருக்கு என்ன பயன்? 2022இல் டொலர் இல்லாமல் மருந்துகள் வராதபோது அதைத்தான் கண்டோம். ரூபா வீழ்ந்ததும் உச்ச விலைகளும் உயர்த்தப்பட்டன.

எனவே விலையோடு, மருந்து கிடைக்கிறதா என்பதையும் அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் ஹெல்த் அக்ஷன் இன்டர்நெஷனல் என்ற அமைப்பும் 2003இல் இதற்கு ஒரு முறையை வெளியிட்டன. பாமசிகளுக்கு நேரிற் சென்று குறித்த மருந்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு, ஒரு மாத மருந்தை வாங்க மிகக் குறைந்த சம்பளம் பெறும் அரச ஊழியர் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். சமூகவியல் படித்தவள் என்பதாலோ என்னவோ, இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயினும் கொழுந்து பறிப்பவளுக்கும் பீடி சுற்றுபவளுக்கும் அரச சம்பளம் ஏது? அவர்களது நாட்கூலியிலும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தே கொள்கை வகுக்க வேண்டும் என்பேன்.

எங்கள் மாதர் சங்கத்தில் இதற்கென ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். துண்டு கிடைத்த திகதி, மருந்தின் பொதுப்பெயர், வெளியில் கொடுத்த விலை, அது எத்தனை நாட் கூலி என்பன அதில் பதியப்படுகின்றன. நீங்களும் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும் ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவிடம் கொடுக்கவிருக்கிறோம். மருந்தில்லாமல் கழிந்த நாட்களுக்கும் ஒரு நிரல் போட்டிருக்கிறோம். அதை நிரப்பத்தான் பெண்கள் இன்னும் தயங்குகிறார்கள்.