உஷார்! பையை எடுக்கும் முன் சதையைப் பாருங்கள்

வேப்பந்தட்டைப் பக்கம் பருத்திக்காடோ, ஆண்டிமடம் பக்கம் முந்திரித்தோப்போ, வேலை எங்கே என்றாலும் கதை ஒரே தடத்தில்தான் போகிறது. நாற்பது, நாற்பத்தைந்து வயதுப் பெண். ஆறேழு மாதமாக வெள்ளைப்படுதல். துணி மாற்றி மாளவில்லை, நாற்றம் வேறு. நடுநடுவே ரத்தம். மெடிக்கலில் சொல்லி வாங்கிய மாத்திரையில் இரண்டு மாதம் ஓடும். மக்காச்சோளம் போட்ட காசு கைக்கு வந்த பிறகுதான் டவுன் ஆஸ்பத்திரி. வயிற்றின் மேல் பசையைத் தடவி ஒரு ஸ்கேன். "கட்டி இருக்கு, கர்ப்பப்பையும் வீங்கியிருக்கு. புள்ளைதான் பெத்தாச்சே, இனி எதுக்கும்மா? எடுத்துட்டா நிம்மதி." மூன்றாம் நாள் ஆபரேஷன். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் கையெழுத்துக்கு முன்னால் குறுக்கே விழுந்து தடுக்கவே இதை எழுதுகிறேன். இந்தக் கதையில் எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. கர்ப்பப்பையின் வாயை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் பையைக் காட்டும், சினைப்பையைக் காட்டும், சாதாரண நார்க்கட்டியைக் காட்டும். நடுத்தர வயதில் பல பெண்களுக்கு நார்க்கட்டி இருக்கும். ஆனால் கர்ப்பப்பை வாயில் ஆரம்பிக்கிற புற்று அந்த ஸ்கேனில் சுலபமாகத் தப்பித்துவிடும். கருவியை உள்ளே வைத்து, வெளிச்சம் அடித்து, வாயை நேராகப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கடுகளவு சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். நம் ஊரில் 'சதை டெஸ்ட்' என்கிறார்களே, அதுதான். கண்ணால் பார்க்கப் பத்து நிமிஷம், சதை டெஸ்ட் முடிவு வர ஒரு வாரம், பத்து நாள். அந்தப் பத்து நாள் பொறுக்காமல் பையை எடுத்தவர்களில் சிலருக்கு, எடுத்த பிறகே தெரிய வருகிறது, உள்ளே இருந்தது புற்று என்று. சிலருக்கு அதுகூடத் தெரிவதில்லை. எடுத்த பை பரிசோதனைக்கே போயிருக்காது.

"எப்படியும் பையை எடுத்தாச்சே, புற்றும் அதோடு போயிருக்குமே" என்று கேட்கத் தோன்றும். இந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது.

நார்க்கட்டிக்காகப் பையை எடுப்பது ஒரு ஆபரேஷன். கர்ப்பப்பை வாய்ப்புற்றுக்காக எடுப்பது வேறு ஆபரேஷன். முதலாவதில் பையை ஒட்டியே வெட்டி எடுத்துவிடுவார்கள். இரண்டாவதில் பெரும்பாலும் பையின் இரு பக்கத்துத் திசுக்கள், பிறப்புறுப்பின் மேல் பகுதி, இடுப்பு நிணநீர் முடிச்சுகள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். முதல் வகையை இரண்டாவதற்குச் செய்தால் நோயின் நடுவே கத்தி போட்டதாக ஆகும். நோய் பக்கத்துத் திசுவுக்குப் பரவியிருந்தால் இன்னும் மோசம், அப்போது ஆபரேஷனே தேவையில்லை. கதிர்வீச்சும் கீமோவும்தான் மருந்து. அந்தக் கதிர்வீச்சின் முக்கியப் பாதியை உள்ளிருந்து கொடுப்பார்கள், பிராக்கிதெரபி என்று பெயர். கர்ப்பப்பைக்குள்ளேயே குழாயைச் செலுத்தி, புற்றுக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுவது. பை இல்லையென்றால் அந்தக் குழாய் எங்கே போகும்? பை இருந்த இடத்தில் குடல் வந்து இறங்கிவிடும். வெளியிலிருந்து கொடுக்கிற கதிர் அந்தக் குடலையும் சேர்த்துச் சுடும். குணமாகக்கூடிய நோயைக் குணமாக்கக் கடினமான நோயாக நாமே மாற்றிக்கொள்கிறோம், அதுவும் கடன் வாங்கி.

இதை ஏன் குறிப்பாகப் பெரம்பலூர், அரியலூர்க்காரர்களிடம் சொல்கிறேன் என்றால், காரணம் உண்டு. சென்னையில் கர்ப்பப்பை வாய்ப் புற்று பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து வைத்திருக்கும் பதிவேடு அதைச் சொல்கிறது. அதே நிறுவனம் அரசோடு சேர்ந்து மாநிலம் முழுவதற்கும் தொடங்கிய பதிவேட்டைப் புரட்டினால், இந்த நோய் இன்னும் பெருஞ்சுமையாக இருக்கும் மாவட்டங்களின் வரிசையில் நம் இரண்டு மாவட்டமும் நிற்கின்றன. சின்ன வெங்காயத்திலும் மக்காச்சோளத்திலும் முதலிடம் என்று பேசுகிறோம், சிமெண்ட்டுக்கு எங்கள் ஊர் என்று பேசுகிறோம். இதைப் பற்றி டீக்கடையில் ஒருத்தரும் பேசுவதில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இதுவே இந்தியாவில் நல்ல கணக்கு என்றால் மற்ற மாநிலங்களின் லட்சணத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனை பெரிய வித்தையும் இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து கர்ப்பப்பை வாயில் ஒற்றி, ஒரு நிமிஷம் காத்திருந்து பார்ப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இது உயிரைக் காக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்ததே நம் தமிழ்நாட்டுப் பெண்கள்தான். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 2000-த்தில் தொடங்கிய ஆய்வு அது. அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும் அடையாறு நிறுவனமும், டாக்டர் சங்கரநாராயணன் தலைமையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து செய்தன. பயிற்சி பெற்ற நர்சுகள் 31,343 பெண்களை, ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை, இப்படிப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்களில் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைந்தன. 2007-இல் லான்செட் இதழில் வந்தது. அதே 2007-இல் தமிழக அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் சோதனை முறையில் ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுவந்தது. முப்பது வயது தாண்டியவர்களுக்கு இலவசம். கதவு திறந்தே இருக்கிறது, உள்ளே போகத்தான் கூச்சம்.

இங்கேயும் ஒரு உஷார். பஞ்சு வைத்துப் பார்த்து 'பாசிட்டிவ்' என்று சீட்டில் எழுதினால் அது புற்று என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் புற்றாக மாறக்கூடிய கோளாறோ, வெறும் புண்ணோதான். பெரிதாக்கிக் காட்டும் கருவி வழியாகப் பார்த்து, தேவையென்றால் சதை எடுத்து, அந்த இடத்தை மட்டும் உறைய வைத்தோ சூடு வைத்தோ சுரண்டியோ சரிசெய்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இந்தச் சீட்டைப் பார்த்துப் பயந்து, "வம்பே வேண்டாம், பையையே எடுத்துடுங்க" என்று நாமே போய்க் கேட்கிற கூத்தும் நடக்கிறது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா?

மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பஞ்சுப் பரிசோதனை அவ்வளவாக உதவாது. வயதாக ஆக, நோய் ஆரம்பிக்கிற இடம் உள்பக்கமாக நகர்ந்துவிடும். அவர்கள் பாப் ஸ்மியரோ எச்.பி.வி. வைரஸ் பரிசோதனையோ கேட்க வேண்டும். நின்று போன தீட்டு ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு திரும்பப் பட்டாலும் அன்றே கிளம்ப வேண்டும். "கிழவிக்கு வயசு திரும்புது" என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. கணவனோடு சேர்ந்த பிறகு ரத்தம் பட்டாலும் அப்படியே. இதை மாமியாரிடமும் சொல்ல முடியாது, மகளிடமும் சொல்ல முடியாது. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம், அவர்கள் இதைவிட எவ்வளவோ கேட்டவர்கள்.

சரி, பரிசோதித்தாகிவிட்டது, புற்றுதான் என்று சதை டெஸ்ட் சொல்லிவிட்டது. இப்போது "வயித்துல ஓட்டை போட்டு எடுத்துடலாம், தழும்பே தெரியாது, மூணாம் நாள் வேலைக்குப் போகலாம்" என்று ஒருவர் சொல்லக்கூடும். நார்க்கட்டிக்கு அது நல்ல வழி. கர்ப்பப்பை வாய்ப்புற்றுக்கு நின்று யோசியுங்கள். 631 பெண்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வு 2018-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தபோது, அறுவை மருத்துவர்களே ஆடிப்போனார்கள். வயிற்றைத் திறந்து செய்தவர்களில் நாலரை வருஷத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 96.5 சதவீதம். ஓட்டை போட்டுச் செய்தவர்களில் 86 சதவீதம். மூன்று வருஷத்தில் உயிரோடிருந்தவர்கள் திறந்தவர்களில் 99, மற்றவர்களில் 93.8. ரோபோ வைத்துச் செய்தாலும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தழும்பைப் பார்க்கப் போவது யார்?

2024-இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வு, சின்னக் கட்டி உள்ளவர்களுக்குச் சாதாரண முறையில் பையை எடுத்தாலே போதும் என்றது. இடுப்பில் நோய் திரும்பியவர்கள் பெரிய ஆபரேஷனில் 2.17 சதவீதம், சின்ன ஆபரேஷனில் 2.52. நல்ல செய்திதான், ஆனால் இதை யாராவது அரைகுறையாகச் சொல்லிக் கேட்டால் ஏமாற வேண்டாம். அந்த 700 பெண்களுக்கும் சதை டெஸ்ட் முடிந்திருந்தது, கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் என்று அளந்திருந்தது, நோய் ஆழமாகப் போகவில்லை என்று பார்த்திருந்தது, நிணநீர் முடிச்சுகளையும் பரிசோதித்தார்கள். எதுவும் பார்க்காமல் எடுத்துவிட்டு 'ஆராய்ச்சியே சொல்லுது' என்றால் அது ஆராய்ச்சிக்கு அவமானம்.

கட்டி பெரிதாக இருந்தால்? "கீமோ கொடுத்துச் சுருக்கிட்டு ஆபரேஷன் பண்ணிடலாம்" என்பது ஆசை காட்டும் வழி. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 635 இந்தியப் பெண்களிடம் இதைச் சோதித்து 2018-இல் முடிவைச் சொன்னது. நேராகக் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தவர்களில் ஐந்து வருஷம் நோயில்லாமல் இருந்தவர்கள் 76.7 சதவீதம். சுருக்கி ஆபரேஷன் செய்தவர்களில் 69.3. ஆக, கத்தி வைத்தால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கையை இந்த ஒரு நோயிலாவது விட்டுவிடலாம்.

இதற்கு மேல் ஒரு படி, 2024-இல் லான்செட்டில் வந்தது. கதிர்வீச்சு தொடங்கும் முன் ஆறு வாரம், வாரம் ஒன்றாகக் கீமோ. ஐந்து வருஷம் உயிரோடிருந்தவர்கள் 72-இலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தார்கள். இந்தியப் பெண்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற அந்த இரண்டு மருந்தும் பழையவை, விலை மலிந்தவை. லட்சக்கணக்கில் ஆகும் புது எதிர்ப்பாற்றல் ஊசிகளும் பலன் தருகின்றன, மறுக்கவில்லை; ஆனால் நிலத்தை விற்கும் முன் இந்த மலிவான வழி தனக்குப் பொருந்துமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

'கரண்ட் வைப்பது' என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சுக்கு இங்கிருந்து திருச்சி, தஞ்சாவூர் என்று போக வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். அதன் பிறகு உள்ளே வைக்கும் சிகிச்சை. மொத்தமும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். நாள் தள்ளத் தள்ளப் பலன் குறையும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், மூன்றாவது வாரத்திலேயே ரத்தம் நின்றுவிடும். வலி குறையும். "நல்லாயிடுச்சு, வெங்காயம் பிடுங்கணும், சிறுவாச்சூர் அம்மனுக்குப் பொங்க வைக்கணும்" என்று வீட்டில் நின்றுவிடுவார்கள். மதுரகாளியம்மன் கோவில் நடை திங்களும் வெள்ளியும் திறக்கும், அடுத்த வாரமும் திறக்கும். இடையில் நிறுத்திய கதிரை அப்படித் திரும்பத் தொடங்க முடியாது. பஸ் செலவும் கூடத் தங்குகிறவரின் கூலியும்தான் ஆளை நிறுத்துகிறது என்பது எனக்கும் தெரியும். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும், குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை. மீதிக்கு, முதல் நாளே அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து, தங்க இடம் கேட்டுவிடுங்கள்.

பெண்பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். அதற்குத் தடுப்பூசி உண்டு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு அதைப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. "அந்த ஊசி போட்டால் குழந்தை பிறக்காது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்துத்தான் பதறுகிறேன். அப்படி எதுவும் இல்லை. ஒரே ஊசி போதும் என்று உலகம் இன்று நம்புவதற்கு நம் இந்தியச் சிறுமிகளும் ஒரு முக்கியக் காரணம். 2010-இல் ஒரு சர்ச்சையால் ஊசி ஆய்வு பாதியில் நின்றபோது, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். பத்து வருஷம் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்ததில், கொடிய இரண்டு வகை வைரஸ் உடம்பில் தங்குவதை ஒரு டோஸே 95 சதவீதம் தடுத்திருந்தது. அந்த ஆய்விலும் அம்பிளிக்கை உண்டு.

கடைசியாக, ஏற்கெனவே பையை எடுத்துவிட்டவர்களுக்கு. பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ அந்த ஆஸ்பத்திரிக் கவர் இருக்கும், எடுத்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் தாளோடு, எடுத்த பையின் பரிசோதனை ரிப்போர்ட் தனித் தாளாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆஸ்பத்திரிக்கே போய்க் கேளுங்கள். எந்த லேபுக்கு அனுப்பினார்கள் என்று கேளுங்கள். சதையை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் சில வருஷம் வைத்திருப்பார்கள், அதை வைத்து மறுபடி பார்க்க முடியும். ரிப்போர்ட்டில் 'கார்சினோமா' என்ற சொல் இருந்தால், ஆபரேஷன் முடிந்து எத்தனை மாதம் ஆகியிருந்தாலும், அந்தத் தாளோடு நாளைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். இன்னொன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள், பையின் வாயையும் சேர்த்து எடுத்தார்களா, விட்டுவிட்டார்களா என்று. விட்டிருந்தால் அந்தப் பஞ்சுப் பரிசோதனை உங்களுக்கும் உண்டு.