உங்களுக்குத் தெரியுமா? – சுவான்சோவின் ஐந்து முன்னோர் குங்ஃபூ

● குங்ஃபூ என்றதும் ஷாவோலின் மடம் நினைவுக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்கு ப்ரூஸ் லீ பழகிய விங் சுன் வரும். தென்சீனக் கடலோர மாகாணமான ஃபூஜியானில், சுவான்சோ நகரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் தாய்வீடாகக் கொண்ட இன்னொரு முறை உண்டு. மாண்டரினில் அதன் பெயர் வூசூ சுவான். உள்ளூர் ஹொக்கியன் பேச்சில் ங்கோ சோ குன். ஐந்து முன்னோரின் குத்துமுறை என்று தமிழில் சொல்லலாம். சினிமா அதிகம் தொடாத கலை இது. ஆனால் தென்சீனச் சண்டைமுறைகள் உடம்பை எப்படிப் புரிந்துகொள்கின்றன என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது கடினம்.

● யார் அந்த ஐவர்? போதிதர்மர், 960இல் சோங் அரச வம்சத்தைத் தொடங்கிய பேரரசர் தைசூ, லோஹான் எனப்படும் பௌத்த அருகதர், குரங்கு, வெண்கொக்கு. போதிதர்மரிடமிருந்து மூச்சும் உள்வலிமையும், தைசூவிடமிருந்து உறுதியான நிலையும் நடையும், லோஹானிடமிருந்து உடலமைதி, குரங்கிடமிருந்து சுறுசுறுப்பு, கொக்கிடமிருந்து கைவேலை என்று பழகுகிறவர்கள் பிரித்துச் சொல்வார்கள். சில கிளைகள் சுவான்னூ என்ற பெண் தெய்வத்தையும் சேர்த்துக்கொள்கின்றன.

● பேரரசர் தைசூவின் பெயரில் ஒரு குத்துமுறை இருந்தது என்பது நேற்று முளைத்த பேச்சு அல்ல. கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட மிங் காலத் தளபதி ச்சி ஜிகுவாங், 16ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் போர்ப்பயிற்சி நூலில் சோங் தைசூவின் 32 நிலைகள் கொண்ட நெடுங்கை முறையைக் குறிப்பிடுகிறார். பேரரசரே அதை உருவாக்கினாரா என்பது வேறு கேள்வி.

● ஐந்தையும் ஒன்றாகக் கோத்தவர் என்று பெரும்பாலான கிளைகள் வணங்குவது, சுவான்சோவை அடுத்த ஜின்ஜியாங்கைச் சேர்ந்த சாய் யூமிங்கை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை, குடும்பச் சொத்தை ஆசான்களை வரவழைத்துக் கற்றே கரைத்தார் என்பது மரபு சொல்லும் கதை. அவருடைய முதன்மைச் சீடர்களைச் ‘சுவான்சோவின் பத்துப் புலிகள்’ என்பார்கள். அந்தக் கிளையிலிருந்து வந்த யூ சியோக் சாம் 1917இலேயே இந்த முறையை விரிவான நூலாக எழுதி வெளியிட்டார். ஆசான் வாய்மொழியாக மட்டுமே கலையைக் கடத்திய காலத்தில் அது பெரிய துணிச்சல்.

● இந்தக் கலையின் உயிர் சாம் சியென். மூன்று போர்கள் என்று பொருள்படும் அடிப்படை வரிசை. பார்க்க எளிமையாக இருக்கும். பாதங்களைத் தோளகலத்துக்கு வைத்து, முழங்கால்களை லேசாக மடக்கி, கால்விரல்களால் தரையைக் கவ்வி நிற்க வேண்டும். முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கும், தோள் தாழ்ந்திருக்கும், முதுகின் மேற்பகுதி சற்றே விரிந்து மார்பு உள்வாங்கும். அப்படியே முன்னால் மூன்று எட்டு, பிறகு பின்வாங்கல். ஒவ்வோர் எட்டிலும் கை மெதுவாக இழுபட்டு, கடைசி நொடியில் சட்டென்று வெளியே பாயும். அடுத்த கணமே உடல் தளர வேண்டும். இறுக்கமும் தளர்வும் மாறுகிற அந்த ஒரு நொடியைப் பிடிக்கத்தான் ஆண்டுக்கணக்கான பயிற்சி.

ஆசான் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். பின்னால் வந்து தோளைத் தட்டுவார், தொடையைத் தட்டுவார், முன்கையை அழுத்திப் பார்ப்பார். எங்கே தசை தூங்குகிறது, எங்கே வீணாக இறுகியிருக்கிறது என்று அவர் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். தொடக்கப் பாடம்தானே என்று யாரும் இதைத் தாண்டிப் போவதில்லை. தலை நரைத்த ஆசானும் காலையில் எழுந்து பழகுவது இதையேதான். தென்சீனக் கலைகளிலேயே அழகானது எது என்று கேட்டால், பாய்ச்சலோ சுழற்சியோ இல்லாத இந்த மூன்று எட்டுகளைத்தான் காட்டுவேன்.

● விழுங்கு, உமிழ், மித, அமிழ். ஃபூஜியான் முறைகள் பலவற்றுக்கும் பொதுவான நான்கு சூத்திரங்கள் இவை. எதிராளியின் விசையை உள்வாங்குவது விழுங்கல்; திருப்பித் தருவது உமிழ்தல். அவன் காலூன்றலைக் கிளப்பிவிடுவது மிதத்தல். அவனைத் தரையோடு அழுத்துவது அமிழ்த்தல். மூச்சும் முதுகெலும்பும் இந்த நான்கோடும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

● கராத்தே பழகிய பிள்ளைகளுக்குச் சாஞ்சின் என்ற கட்டா, அதாவது பயிற்சி வரிசை, தெரிந்திருக்கும். அதே மூன்று போர்கள்தான், ஜப்பானிய உச்சரிப்பில். ஒக்கினாவாவிலிருந்து ஃபூஜியானின் தலைநகர் ஃபூசோவுக்குப் போய்க் கற்றவர்கள் அதைத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான ஊவேச்சி கான்பூன் 1897இல் போனார். அவர் வழிவந்த ஊவேச்சி ரியூவில் இன்றும் விரித்த கைகளோடுதான் சாஞ்சின் செய்கிறார்கள். கோஜூ ரியூ என்ற இன்னொரு கராத்தே மரபில் கை மூடிய முஷ்டியாகிவிட்டது. விரித்த கையே ஃபூஜியானின் சாயல்.

● போதிதர்மர் என்ற பெயரைப் பார்த்ததும் தமிழ் வாசகருக்கு ‘ஏழாம் அறிவு’ படம் நினைவுக்கு வருவது இயல்பு. பழைய சீனச் சான்றுகள் சொல்வது இவ்வளவுதான்: 547 வாக்கில் எழுதிய யாங் சுவான்ஜி அவரைப் பாரசீகத் துறவி என்கிறார்; தான்லின் என்பவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார்; 7ஆம் நூற்றாண்டின் தாவோசுவான் தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். இம்மூவருமே அவர் யாருக்கும் சண்டை கற்றுக்கொடுத்ததாக எழுதவில்லை. தசைநாரை மாற்றும் பயிற்சிகளை அவர் பெயரில் சொல்லும் நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. முன்னோராக வணங்கப்படுவது வேறு, வரலாற்றில் ஆசானாக இருந்தது வேறு. இரண்டையும் குழப்பாமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அந்தக் கலைக்குச் செய்யும் மரியாதை.

● தமிழருக்கும் சுவான்சோவுக்கும் உண்மையான தொடர்பு கல்லிலேயே இருக்கிறது. சோங், யுவான் காலங்களில் உலகின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக இருந்த அந்நகரில் தமிழ் வணிகர்கள் குடியிருந்து சிவனுக்குக் கோயில் எடுத்தார்கள். சம்பந்தப் பெருமாள் என்பவரின் பெயர் தாங்கிய தமிழ்க் கல்வெட்டு 1281ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் சீன எழுத்தும் உண்டு. இந்துக் கோயில் தூண்களைச் சுவான்சோவின் கையுவான் பௌத்த மடத்தில் இன்றும் பார்க்கலாம். 2021இல் யுனெஸ்கோ இந்நகரின் சோங், யுவான் காலச் சின்னங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

● ஷாவோலின்தான் தெற்குக்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி தலைகீழானது. சுவான்சோ மண்ணில் பிறந்த மிங் தளபதி யூ தாயோவ் (1503–1579) கம்புவித்தையில் கைதேர்ந்தவர். 1560களின் தொடக்கத்தில் ஷாவோலின் மடத்துக்குப் போய்த் துறவிகளின் கம்பு வீச்சைப் பார்த்தார். பழைய நுட்பம் கைவிட்டுப் போய்விட்டது என்று முகத்துக்கு நேரே சொன்னார். துறவிகளும் கோபப்படவில்லை, கற்றுத் தாருங்கள் என்று கேட்டார்கள். இருவரைத் தம்மோடு தெற்கே அழைத்துப்போய் மூன்றாண்டு காலம் பயிற்றுவித்துத் திருப்பி அனுப்பினார். பழகும் இடத்தில் இருக்க வேண்டிய பணிவுக்கு அந்தத் துறவிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

● எரிக்கப்பட்டதாகக் கதைகள் சொல்லும் ‘தெற்கு ஷாவோலின்’ மடம் எங்கே இருந்தது? சுவான்சோ, பூதியன், ஃபூச்சிங் மூன்றுமே எங்கள் ஊரில்தான் என்கின்றன.

● வெண்கொக்கு முறையைத் தொடங்கியவராக ஃபூஜியான் மரபு சொல்வது ஒரு பெண்ணை, ஃபாங் ச்சிநியாங். கொக்கைக் கம்பால் விரட்டப் போனவர், அது ஒதுங்கிய விதத்தையும் கொத்திய விதத்தையும் பார்த்து வித்தையாக்கினார் என்பது கதை.

● ஹொக்கியன் மக்கள் பிழைக்கப் போன இடமெல்லாம் இந்தக் கலையும் போனது. மணிலாவின் சீனர் பகுதியில் 1935இல் தொடங்கிய பெங் கியாம் சங்கம், சாய் யூமிங்கின் சீடர் தான் கியோங் பெங்கின் குடும்பக் கிளை. தாய்நாட்டில் 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் பழங்கலைகள் ஒடுங்கிய நாட்களில், பிலிப்பைன்ஸிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வகுப்புகள் தொடர்ந்து நடந்தன.

● உழவரும் மீனவரும் பழகிய கலை என்பதற்கு ஆயுதங்களே சாட்சி. சுமை தூக்கும் காவடிக்கம்பு, மண்வெட்டி, புலியை விரட்டும் முக்கவட்டுச் சூலம், சட்டையின் கைக்குள் மறையும் இரட்டை இரும்புக்கோல். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நீள்பெஞ்சு. நான்கு கால் மரப்பெஞ்சின் கால்களைப் பிடித்துத் தூக்கினால் பலகை கேடயம். திருப்பினால் எதிராளியின் கம்பு கால்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும். குத்தினால் அதன் முனையே ஆயுதம். கத்தியோடு ஒருவன் டீக்கடைக்குள் வந்தால் கைக்கு எட்டுவது அதுதானே.

● பல ஆசான்கள் எலும்பு வைத்தியர்களாகவும் இருந்தார்கள். அடிபட்ட இடத்தில் தேய்க்கும் மூலிகைச் சாராயம் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வொரு பக்குவம். அதன் செய்முறையைக் குத்துவரிசையைவிடக் கவனமாகப் பொத்திவைத்தார்கள்.

● இந்த முறையைக் காணொளியில் பார்க்க நேர்ந்தால் முஷ்டியைப் பார்க்காதீர்கள். பின்கால் குதிகாலையும் முழங்கையையும் பாருங்கள். கை பாயும் நொடியில் குதிகால் தரையை விட்டு எழும்பினாலோ, முழங்கை விலாவை விட்டு வெளியே அலைந்தாலோ, அவர் இன்னும் சாம் சியெனுக்குத் திரும்ப வேண்டியவர்.