டிபாஸிட் என்னும் சொல்

சென்ற தணிக்கையின்போது ஒரு கிராமத்தில், எருமை விற்ற பணத்தைச் சங்க ஊழியரிடம் “டிபாஸிட்” கொடுத்ததாக ஒரு மூதாட்டியார் கூறினார். ரசீதும் இல்லை, கணக்கில் வரவும் இல்லை. சொல் ஒன்றாயினும் பொருள் பல என்பதை அறியாமையால் விளையும் நஷ்டம் இத்தகையது.

“கீழே வைக்கப்பட்டது” என்பதே டிபாஸிட் என்பதன் மூலப்பொருள். காவேரி வெள்ளம் வயலில் படியவிடும் வண்டலுக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். அதைத் திருப்பிக் கேட்பாரில்லை. தேர்தலில் வேட்பாளர் கட்டும் டிபாஸிட் பிணைத்தொகை. தோற்றவர் செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிடில் அது பறிமுதலாகும். கடை வாடகைக்குக் கொடுக்கும் முன்பணமும் பிணையே.

சங்கத்தில் வைக்கும் டிபாஸிட் இவற்றின் வேறானது. அது சங்கம் உங்களுக்குப் பட்ட கடன். தவணை முடிந்தால் அசலும் வட்டியும் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. பங்குத்தொகையோ சங்கத்தின் மூலதனம். நஷ்டத்தை முதலில் தாங்குவது அதுவே. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

பத்தாயத்தில் கொட்டிய நெல் அங்கேயே கிடக்கும். சங்கத்தில் வைத்த பணம் அவ்வாறு கிடப்பதில்லை. அது குறுவைக்கும் சம்பாவுக்கும் அண்டை வீட்டாருக்குக் கடனாகச் சென்று, அறுவடைக்குப்பின் திரும்ப வேண்டும். ஆகையால் கடனைத் தவணை தவறாமல் கட்டுவோரே டிபாஸிட்டைக் காப்போர்.

1961-ஆம் வருஷத்துச் சட்டப்படி பாங்கி டிபாஸிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. அதன் வரம்பு 2020-இல் ஒருவருக்கு ஒரு பாங்கியில் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தஞ்சாவூர், கும்பகோணம் மத்தியக் கூட்டுறவு பாங்கிகள் இதில் அடங்கும். கிராமத்துத் தொடக்கச் சங்கம் அடங்காது. இங்கே அங்கத்தினரின் விழிப்பே காவல்.

எனவே, பணத்தைச் சங்க அலுவலகத்திலேயே செலுத்துக. உடனே கையொப்பமிட்ட ரசீது பெறுக. தொகை, வட்டி விகிதம், தவணைத் தேதி மூன்றையும் படித்துப் பார்க்க. படிக்கத் தெரியாதவர் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்க. தமக்குப்பின் பெறவேண்டியவர் பெயரைப் பதிவு செய்க. மகாசபைக் கூட்டத்திற்குத் தவறாது சென்று, வரவேண்டிய கடன் எவ்வளவு, தவணை கடந்தது எவ்வளவு என்று கேட்க. கேட்பது அங்கத்தினரின் உரிமை. விடை கூறுவது நிர்வாகத்தின் கடமை.